கூட நிற்கும் ஆள்

கேள்வியைக் கோகிலா முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"மலம் கருப்பா..." என்று அவள் வாயெடுத்ததுதான் தாமதம், "இல்லை டொக்டர், வழமைபோலத்தான் போகுது" என்றாள் கட்டிலின் தலைமாட்டில் நின்றவள். அவசரமே இல்லாத, தணிந்த குரல். சொல்லும்போதே அவளுடைய வலது கை படுத்திருந்தவரின் வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

கோகிலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து இதே கேள்விகளைத்தான் கட்டில் கட்டிலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்துக் கட்டிலில் கேட்டது இவள் காதிலும் விழுந்திருக்கும். டியூட்டி டாக்டர் என்று பெயர்தான் பெரிது, உட்கார ஒரு நிமிஷம் கிடையாது. முன்தினம் ஆரம்பித்த ஒற்றைத் தலைவலி இடது கண்ணுக்குப் பின்னால் நங்கூரம் போட்டிருந்தது. டீயும் வலி மாத்திரையுமாக ஒரு வாரத்தை ஓட்டியதில் நெஞ்சுக்குழியில் எரிச்சல் வேறு.

மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில், கடலுக்குப் பிரியும் ரோட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. மத்தியானம் பிடித்த ஐப்பசி மழை விடவேயில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும்போதே ஜன்னல்களில் இருட்டுக் கட்டிவிட்டது, கரண்ட்டும் போய்விட்டது, இன்வெர்ட்டர் தயவில் எரிந்த ஒற்றை டியூப்லைட்டின் முனகலும், தகரக் கொட்டகைமேல் மழை கொட்டுகிற சத்தமும், அதற்கும் அப்பால் கடல் இரைகிற சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, அவசரப் பிரிவுக்குள் யார் பேசினாலும் தூரத்திலிருந்து பேசுவது போலவே கேட்டது. பினாயில், ஸ்பிரிட், நனைந்த துணி எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது. கோகிலா மூக்கைச் சுருக்கினாள்.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் குடல்வழியே இறங்கி, கருத்து, தாராக வெளியே வரும்போது அடிக்கும் வாடை. துரு ஏறிய இரும்போடு அழுகிய பழத்தைச் சேர்த்து வைத்தது மாதிரி இருக்கும். ஒருமுறை மோந்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

"சாலிஹா, யாராவது கட்டில்லயே போயிட்டாங்களா?"

"இல்ல மேடம். மழைக்குச் சாக்கடை எதுக்களிக்குது" என்றாள் நர்ஸ் சாலிஹா. பெரியபட்டினத்துக்காரி, நிதானமானவள். அவள் சொன்னதை வேறொரு நாளாக இருந்தால் கோகிலா நம்பியிருப்பாள்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. படுத்திருப்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஊரையே விலை பேசுகிற வாய் படைத்தவராக இருந்தாலும் சரி, கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் அவருடைய வயிறு, அவருடைய தூக்கம், அவர் காலையில் கொல்லைக்குப் போன கதை எல்லாவற்றையும் கூட நிற்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். "கூட யாரு வந்திருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. டாக்டர் அந்த ஆளைப் பார்த்தே கேட்பார், நர்ஸ் அந்த ஆளைப் பார்த்தே திட்டுவார். ஒரு நோயாளிக்கு ஓர் ஆள்தான் என்பது விதி. மற்றவர்களை வாசலில் வாட்ச்மேன் கூத்தையா மறித்துவிடுவார். கோகிலாவும் இப்படித்தான் பழகியிருந்தாள்.

படுத்திருந்தவர் பெயர் கணேசலிங்கம். மண்டபத்து இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்தவர், பெயிண்ட் அடிக்கிற வேலை. காலையில் ஒரு தடவை காபித்தூள் கரைத்த மாதிரி வாந்தி. அவரை என்ன செய்வது என்பதுதான் இப்போது கேள்வி. குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற வசதி இங்கே கிடையாது; ராமநாதபுரத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே முடியாதென்றால் மதுரைக்கு. இருப்பதோ ஒரே ஆம்புலன்ஸ். தனுஷ்கோடி ரோட்டில் எந்த நேரத்தில் எந்த வேன் கவிழும் என்று சொல்ல முடியாத மழை. தேவையில்லாதவரை அனுப்பினால் தேவைப்படுகிறவர் இங்கேயே கிடந்து சாவார்.

யாரை அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் ஒரு ஸ்கோர் இருந்தது. நாடி நூறைத் தாண்டுகிறதா, பிரஷர் இறங்கியிருக்கிறதா, மலம் கருத்துப் போனதா, மயக்கம் போட்டு விழுந்தாரா, ஈரலிலோ இதயத்திலோ பழைய நோய் உண்டா, ரத்த அளவு குறைந்திருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டிப் பார்த்து ஜீரோ வந்தால் பயமில்லை, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். கட்டிலருகே நின்றபடியே போட்டுவிடலாம். அதை ஓர் அட்டையில் அச்சடித்து, எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிவிட்டவள் கோகிலாதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சோணைமுத்து சாகிற வரைக்கும் இருந்தது.

திருவாடானைப் பக்கத்து விவசாயி அவர். ஆவணி கடைசியில் இதே கட்டிலில்தான் படுத்திருந்தார். ஜீரோ. சிரித்த முகமாக அனுப்பி வைத்தாள். விடிவதற்குள் வீட்டு வாசலில் ரத்தமாகக் கக்கிச் செத்துப்போனார். சில நாள் கழித்து அவருடைய மனைவி முத்தழகு வந்தாள். சண்டை போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கோகிலாவின் முன்னால் நின்று, "கூட நின்ன பொம்பளைகிட்ட அம்புட்டும் கேட்டீகளே தாயி, வெளிய உக்காந்திருந்த என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? தாரு மாதிரியில்ல போனாரு மனுசன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே நின்றவள் நாத்தனாராக இருக்கும், ஏதோ குடும்பச் சண்டை என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எவர் என்ன சொன்னாலும் அவளுக்குப் பொய்யாகவே பட்டது. ஜனங்கள் எதற்கெல்லாமோ பொய் சொல்கிறார்கள். நடவு கிடக்கிறது என்று சொல்கிறார்கள், ஆடு மாடு பட்டினி என்று சொல்கிறார்கள். முகாம்காரர்களுக்கு ஆள் கணக்கு எடுக்கிற நாள் என்று ஒன்று உண்டு; அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் ஆயிரம் கேள்வி வரும். அதற்குப் பயந்து, உயிர் போகிற வலியையும் ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இந்தப் பொம்பளையும் அதற்குத்தான் பொய் சொல்கிறாளோ?

"முகாம்ல கணக்கு எடுக்குற நாளா?"

"இல்லை டொக்டர். அவசரமொண்டும் இல்லை" என்றாள் அவள். 'கணக்கு' என்ற சொல்லிலேயே பதில் தொடங்கிவிட்டது.

"மயக்கம் போட்டு..."

"விழேல்லை."

"தினம் சாப்பிடற மாத்திரை..."

"ஒண்டும் இல்லை."

கணேசலிங்கம் கோகிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்காத பார்வை. போர்வைக்கு மேல் கிடந்த அவருடைய இரண்டு விரல்கள் மேலே எழும்பி, கோகிலாவின் கோட்டைத் தொட வருவதுபோல வந்தன. உதடு பிரிந்தது. தடவிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்று, வயிற்றில் லேசாக அழுந்தியது. உதடு மூடிக்கொண்டது.

வலி என்று கோகிலா நினைத்தாள். நாடியைப் பிடித்தாள், எண்பதைக்கூடத் தொடவில்லை. பிரஷர் சரி. விரல் நுனியில் குத்திப் பார்த்த ரத்த அளவும் சரி, ஆனால் கசிவு ஆரம்பித்த புதிதில் அது சரியாகத்தான் காட்டும். மனதுக்குள் கூட்டினாள். ஜீரோ.

அதே ஜீரோ. அதே கட்டில். எல்லாம் சரியாக இருக்கிறது, மூக்கு மட்டும் இல்லை என்கிறது. மூக்கை நம்புவதா, அட்டையை நம்புவதா?

குனிந்து கீழே பார்த்தாள். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் நனைந்து வந்தவர்கள். மொசைக் தரை முழுக்கச் சேறும் செருப்புத் தடமுமாகக் கிடந்தது. கட்டிலின் தலைமாட்டில் மட்டும் தரை காய்ந்திருந்தது. அந்தப் பொம்பளையின் சேலைக் கரை காய்ந்திருந்தது. வெறுங்கால். பாதம் வெடித்து, சாம்பல் பூத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது.

மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கணேசலிங்கத்தைக் கொண்டுவந்து இறக்கியபோது கொட்டுகொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சட்டையை சாலிஹா பிழிந்து போட்டாளே.

"இதோ வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வந்த வேகத்தில் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவலிக் கிறுகிறுப்பு. காலையில் கக்கூஸில் கருப்பாகப் போனதுகூட ஞாபகத்துக்கு வந்தது, அதை உடனே தள்ளிவிட்டாள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும். எத்தனையோ பேருக்கு அவளே அப்படிச் சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறாள்.

வராந்தா பெஞ்சின் ஓரத்தில் ஓர் இளம்பெண் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தாள். கோகிலாவைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள்.

"டொக்டர், அப்பாவுக்கு எப்பிடி இருக்கு?"

"எந்த அப்பா?"

"கணேசலிங்கம். நான் மகள், கஜனி. உள்ளுக்க ஒராள் நிக்குது, இனி விடேலாது எண்டு வாசல்ல நிண்டவர் மறிச்சுப்போட்டார்."

மழைச் சத்தம் சட்டென்று பெரிதாகக் கேட்டது. கோகிலா கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "உள்ள நிக்கிறது உங்க அம்மாதான?"

"அம்மா செத்துக் கனகாலம், டொக்டர். எங்களுக்கு வேற ஒருத்தரும் இல்லை." கஜனியின் முகத்தில் குழப்பம்தான் இருந்தது, பயம் இன்னும் வரவில்லை. "நான் அதை உங்கட ஆஸ்பத்திரி ஆள் எண்டெல்லோ நினைச்சன்."

முத்தழகுவின் முகம் எதிரே வந்து நின்றது. வெளியே இருக்கிறவர்கள் உள்ளே நிற்பவளை ஆஸ்பத்திரி ஆள் என்கிறார்கள். ஆஸ்பத்திரி ஆட்கள் அவளைச் சொந்தக்காரி என்கிறார்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை.

"அப்பாவுக்கு மலம் எப்படிப் போச்சு?"

"தார் மாதிரிக் கறுப்பு. முந்தநாள்ல இருந்து. விடியப்புறம் கிணத்தடியில விழுந்தும் போனார், கொஞ்ச நேரம் அறிவில்லாமல் மயங்கிக் கிடந்தவர். நாளைக்குக் கணக்கெடுப்பு, ஆஸ்பத்திரி வேண்டாமெண்டு நிண்டவரை நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்." கஜனி பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். "பிரஷருக்கு இதுதான் போடுறவர்."

வாங்கிப் பார்த்ததுமே கோகிலாவுக்கு விளங்கிவிட்டது. நாடியை எகிறவிடாமல் அமுக்கி வைக்கிற மாத்திரை. உள்ளே குடம் குடமாக ரத்தம் போனாலும் நாடி ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும். அதே இனத்து மாத்திரையைத்தான் தலைவலி வராமல் இருக்க அவளும் தினம் போட்டுக்கொள்கிறாள்.

அவள் உள்ளே ஓடினாள்.

தலைமாட்டில் யாரும் இல்லை. காய்ந்த தரை மட்டும் இருந்தது. கையுறை மாட்டி, கணேசலிங்கத்தின் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்தபோது விரல் நுனி தாராகக் கருத்திருந்தது. அந்த வாடை குப்பென்று எழுந்தது.

"சாலிஹா, ரெண்டு கையிலயும் டிரிப் போடு. ஆம்புலன்ஸ எடுக்கச் சொல்லு. ராமநாதபுரம். நான் பேசிக்கிறேன்."

எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றும்போது கணேசலிங்கம் கோகிலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவருக்குக் குரல் வந்தது.

"நான் சொல்ல வெளிக்கிட்டனான் பிள்ளை. அவ கை வச்சிருந்தா வாய் வராது."

கஜனி ஏறிக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு மழைக்குள் கரைந்து போகிறவரை பார்த்துக்கொண்டே நின்ற கோகிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷர் பிழைப்பார். இந்தத் தடவை அவள் ஏமாறவில்லை.

திரும்பி வந்து சாலிஹாவையும் கூத்தையாவையும் கூப்பிட்டாள். தலைமாட்டில் நின்ற பொம்பளை எங்கே போனாள் என்று கேட்டாள்.

"பொம்பளையா? சின்னப் பொண்ணு மேடம்" என்றாள் சாலிஹா. "காலேஜ் படிக்கிற வயசு. அவரு மகள்னு நெனச்சேன். அவர் சாடை அப்படியே இருந்துச்சு."

கூத்தையா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொல்றீக? நான் பாத்தது கெழவி. கூனு விழுந்த கெழவி. அவரு ஆத்தாவாத்தேன் இருக்கும்னு வழிய விட்டேன்."

சாலிஹா ஏதோ துஆவை முணுமுணுத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோகிலா பார்த்தது கிழவியும் இல்லை, சின்னப் பெண்ணும் இல்லை. கணேசலிங்கத்துக்கு மனைவியாக இருக்கத்தக்க வயது.

"இனிமே கூட நிக்கிறவங்ககிட்ட யாரும் கேக்க வேணாம். படுத்திருக்கறவங்ககிட்டயே கேளுங்க. அவங்க வாயால சொல்லணும். அண்ணே, நீங்களும். இது உங்க ஆள்தானான்னு நோயாளிய கேட்டுட்டு உள்ள விடுங்க, வெளிய விடுங்க."

"சரிம்மா" என்றார் கூத்தையா.

டாக்டர் அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். யார் அவள் என்ற கேள்வி மண்டைக்குள் வண்டு மாதிரி குடைந்தது. கூத்தையா குடித்திருக்கிறாரா? சாலிஹா எதையாவது மறைக்கிறாளா? இல்லை, தனக்குத்தான் தலைவலியில் கண் பிசகுகிறதா? ஒருவரையும் நம்ப முடியவில்லை, தன்னையும் நம்ப முடியவில்லை. கை பழக்கத்தில் வலி மாத்திரையைத் தேடியது. நெஞ்சுக்குழி எரிச்சல் இப்போது இறங்கி வயிறு முழுக்கச் சூடாகப் பரவியது. குமட்டியது. எழுந்து வாஷ்பேசினுக்குப் போகலாம் என்று நினைத்தாள். எழுந்தாள்.

டியூப்லைட் தூரமாகப் போனது.

முதலில் திரும்பி வந்தது காதுதான். மழை. கடல். டியூப்லைட் முனகல். பிறகு வாடை வந்தது. அதே வாடை. இவ்வளவு பக்கத்தில். சாக்கடை இல்லை. பக்கத்துக் கட்டில் இல்லை. அவளுடைய உடம்பிலிருந்துதான் வந்தது.

நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். விழுந்தவளை யாரோ தூக்கி உட்கார்த்தியிருக்கிறார்கள்.

வயிற்றின்மேல் ஒரு கை தடவிக்கொண்டிருந்தது.

காய்ந்த கை. குளிர்ந்த கை. துணிக்கு மேலேதான் இருந்தது, ஆனால் குளிர் உள்ளே இறங்கியது. கோகிலா கத்த நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. வெடித்த பாதம். காய்ந்த சேலைக் கரை.

மேஜைமேல் போன் அடித்தது. வெளிச்சத்தில் எழுத்து தெரிந்தது. அம்மா. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் வருகிற அழைப்பு. இடது கை நீண்டு வந்து போனைக் கவிழ்த்து வைத்தது. வலது கை நிற்கவேயில்லை.

கதவு திறந்தது. சாலிஹா.

"மேடம்... யா அல்லா, என்ன மேடம் ஆச்சு? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு." நிமிர்ந்தாள். "நீங்க யாரு?"

சாலிஹா கேட்டுவிட்டாள். நல்ல பிள்ளை. கேட்டுவிட்டாள். கோகிலாவுக்கு உயிர் திரும்பிய மாதிரி இருந்தது.

"இவளைப் பெத்தவதேன்" என்றது குரல். வயல் வெயிலில் பழுத்த குரல். அம்மாவின் குரலேதான். "மங்கலத்துலருந்து வாரேன். ரோடெல்லாம் தண்ணி, பஸ்ஸு ஊந்து ஊந்து வந்துச்சு. வந்து பாத்தா இவ இங்கன உக்காந்த வாக்குல தூங்கிக் கெடக்கா."

சாலிஹாவின் முகம் இளகியது. "ஆமா, மேடம் மூஞ்சி அப்படியே இருக்கு" என்றாள்.

சாலிஹா நாடி பிடித்தாள். தலைவலி மாத்திரை அமுக்கி வைத்த நாடி, ஒன்றும் தெரியாத மாதிரி ஓடியது. பிரஷர் பார்த்தாள். சரி. விரலில் குத்தினாள். சரி. பழைய நோய் எதுவும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். கழுத்தில் தொங்கிய அட்டையை எடுத்தாள்.

"மேடம் மயக்கம்..."

"மயக்கமெல்லாம் இல்லத்தா. ராத்திரி தூங்கல, ஒரு வாய் சாப்பிடல. அம்புட்டுத்தேன்."

சாலிஹா அவளைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். கோகிலா சொன்னது நினைவு வந்திருக்க வேண்டும்.

"இருங்கம்மா. மேடமே சொல்லட்டும்."

மண்டியிட்டு, முகத்துக்கு நேராக வந்து, கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "மேடம், நீங்களே சொல்லுங்க. மயக்கம் போட்டீங்களா? மலம் கருப்பாப் போச்சா?"

ஆமாம். ஆமாம் சாலிஹா. காலையிலேயே. சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். உதடு பிரிந்தது.

கை அழுந்தியது.

"இல்ல சாலிஹா. ஒன்னுமில்ல. தலைவலிதான்."

கோகிலாவின் குரல். கோகிலாவின் வாயிலிருந்தே வந்தது. அவள் சொல்லவில்லை.

சாலிஹா பெருமூச்சு விட்டாள். பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். "ஜீரோ சார்... ஆமா சார், ஜீரோதான்... அவங்க அம்மா வந்திருக்காங்க... சரி சார்." போனை வைத்தாள். "சார் உங்கள ரூமுக்குப் போயிப் படுக்கச் சொல்றாரு மேடம். அவரு கெளம்பி வந்துக்கிட்டிருக்காரு. அம்மா, குவார்ட்டர்ஸ் தெரியுமில்ல? வாசலுக்கு இடது பக்கம். மேடத்த தனியா விட்டுறாதீங்க."

"கூடவே இருப்பேன்" என்றது குரல்.

சக்கர நாற்காலி. வராந்தா. கவிழ்ந்து கிடந்த போன் பின்னால் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. வாசலில் கூத்தையா குடையோடு எழுந்து நின்றார். அவரும் மறக்கவில்லை. குனிந்து, மரியாதையாகக் கேட்டார்.

"டாக்டரம்மா, இது உங்க ஆளுதான..."

"ஆமாண்ணே."

கேள்வி முடியவில்லை. குரல் மறுபடி அவள் வாயிலிருந்தே வந்தது. கூத்தையா தலையை ஆட்டி, இரும்பு கேட்டைத் திறந்துவிட்டார்.

"ஆத்தா, நனையாமப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

கோகிலா தலையைத் திருப்பினாள். அது ஒன்றுதான் அவளால் முடிந்தது. வராந்தா நெடுக, நாற்காலி வந்த வழியில், சக்கரத்துக்கு நடுவே கருப்பாக ஒரு கோடு சொட்டிச் சொட்டி வந்திருந்தது. கூத்தையா அதைப் பார்த்தார். சேறு என்று நினைத்தார். மாப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மழை முகத்தில் அறைந்தது. நாற்காலியின் பக்கவாட்டில் நடந்த பாதங்கள் தண்ணீருக்குள் இறங்கி இறங்கி ஏறின. நனையவில்லை.

இடது பக்கம் குவார்ட்டர்ஸ். ஜன்னலில் அவள் காலையில் அணைக்க மறந்த எமர்ஜென்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாற்காலி வலது பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பும் கடலும் மட்டும்தான். தள்ளுவதற்குப் பின்னால் கை எதுவும் இல்லை. ஒரு கை அவள் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது. இன்னொரு கை நெற்றியில் விழுந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தது. தோப்பு இருட்டுக்குள், ஒவ்வொரு மரத்தடியிலும், காய்ந்த தரையில், ஒவ்வொருவராகப் படுத்திருந்தார்கள். சோணைமுத்து தெரிந்தார். எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. எல்லோர் தலைமாட்டிலும், காய்ந்த வெறுங்காலோடு, அந்தப் பொம்பளையே நின்றுகொண்டிருந்தாள்.